பதிவு வீட்டில், திறப்பு கம்பனியிடம்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் இப்போது தொடர்மாடிகள்தான் அதிகம். கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியை அண்டிய பழைய வீடுகளுக்கு நடுவிலும் மாடிகள் எழும்பிவிட்டன. இந்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் டிவிக்குக் கீழே ஒரு செட் டொப் பொக்ஸ் இருக்கும். டிஷ் வழியாகவோ டெலிபோன் இணைப்பு வழியாகவோ அலைவரிசைகளை வீட்டுக்குள் கொண்டுவருகிற அந்தப் பெட்டியின் பின்புறத்தில் ஒரு யூஎஸ்பி துளையும் இருக்கும். பலர் அதைப் போன் சார்ஜ் பண்ணுவதற்கு மேல் எதற்கும் பயன்படுத்துவதில்லை. பதிவு வசதியுள்ள பெட்டியாக இருந்தால், அந்தத் துளையில் ஒரு எக்ஸ்டேர்னல் ஹாட் டிஸ்க்கைச் செருகி, விரும்பிய நிகழ்ச்சியைப் பதிந்துவைக்கலாம். அப்படிப் பதிந்தது பதிந்தவரின் வீட்டுக்கே உரியது, பெட்டி மாறினாலும் ஒப்பந்தம் முடிந்தாலும் வேறொரு கருவியில் போட்டுப் பார்க்க முடிய வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். கட்டணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் இன்றைக்கு அது முடியாது. நாடு முழுவதும் டிஜிட்டல் ஒளிபரப்புக்கு மாற வேண்டிய காலம் நெருங்கும்போது, இதைப் பற்றிப் பேசாமல் இருப்பது பெரிய இழப்பில் கொண்டுபோய் விடும்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ புறக்கோட்டையிலோ ஒரு டெராபைட் ஹாட் டிஸ்க் வாங்கிவந்து பெட்டியில் செருகியதும் திரையில் ஓர் அறிவிப்பு வரும். இந்தக் கருவியை ஃபோர்மட் செய்ய வேண்டும், இதிலுள்ள அனைத்தும் அழிந்துவிடும், தொடரவா என்று கேட்கும். றிமோட்டில் ஓகே அழுத்தினால் சில நிமிடங்களில் டிஸ்க் தயார். கலியாணப் படங்களும் பிள்ளைகளின் பிறந்தநாள் வீடியோக்களும் கிடக்கிற பழைய டிஸ்க்கை, இன்னும் இடம் இருக்கிறதுதானே என்று செருகியவர்களுக்கு அந்த ஒரு ஓகேயோடு எல்லாம் போய்விடும். ஃபோர்மட் ஆன டிஸ்க்கைப் பிறகு லப்டொப்பில் செருகினால் விண்டோஸ் அதை அடையாளம் காணாது. திரும்பவும் ஃபோர்மட் செய்யவா என்றுதான் கேட்கும். பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குள் ஓடுவது லினக்ஸ். அவை டிஸ்க்கைத் தமக்குப் பழக்கமான எக்ஸ்ட் வகைக் கோப்புமுறையில் ஒழுங்குபடுத்துகின்றன. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பென் டிரைவ்களில் காணும் ஃபட்32 முறையில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட முடியாது. செக்கனுக்கு 8 மெகாபிட் அளவில் வரும் ஒரு ஹெச்டி அலைவரிசை மணிக்கு 3.6 கிகாபைட் பிடிக்கும். ஆகவே ஒரு மணி பத்து நிமிடத்தில் கோப்பு நிரம்பி, கிரிக்கெட் ஆட்டத்தின் நடுவில் பதிவு துண்டாகிவிடும். லினக்ஸ் முறையில் அந்தத் தொல்லை கிடையாது. அதைக் கணினியில் வாசிக்க ஒரு சிறிய மென்பொருள் போதும். இதுவரைக்கும் எல்லாம் பொறியியல் தேவைகள்தான்.

சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. அந்த மென்பொருளைப் போட்டுக் கோப்புறையைத் திறந்தாலும் உள்ளே இருக்கும் கோப்பு ஓடாது. பதியும்போதே பெட்டி அதை மறைகுறியாக்கித்தான் எழுதுகிறது. அதைத் திறக்கும் குறியீடு அந்தப் பெட்டியின் சிப்புக்குள் புதைந்திருக்கிறது. வெளியே எடுக்க வழி இல்லை. அதே கம்பனி, அதே மொடல், பக்கத்து வீட்டுப் பெட்டியில் செருகினாலும் பதிவு ஓடாது. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் கொழும்பில் விழும் இடிமின்னலில் பெட்டி எரிந்துபோனால், கம்பனி புதுப் பெட்டி கொடுத்துவிடும். ஆனால் பழைய பெட்டியில் பதிந்த அத்தனை மணி நேரமும் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தபடியே பார்க்க முடியாதவையாகிவிடும். பல பெட்டிகளில் மாதக் கட்டணம் நின்றாலே பதிவுகளும் நின்றுவிடும். காசு கொடுத்து வாங்கிய அலுமாரி வீட்டில் நிற்க, அதன் திறப்பு மட்டும் கடைக்காரரின் சட்டைப்பையில் இருப்பதுபோல இது. இதில் எனக்கு மிகவும் உறுத்துவது, ரூபவாஹினி, ஐடிஎன் போன்ற அரச அலைவரிசைகளுக்கும் இதே கதி என்பது. வெறும் அன்டெனாவில் யாரும் இலவசமாகப் பிடிக்கக்கூடிய நிகழ்ச்சி, கட்டணப் பெட்டி வழியாக வந்து பதிவானதும் பூட்டுக்குள் போய்விடுகிறது. பொதுப் பணத்தில் தயாரான ஒன்றைப் பூட்டுவதற்கு எந்தப் பதிப்புரிமைக்காரரும் கேட்டிருக்க மாட்டார். எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டைப் போடுவது பெட்டி செய்பவருக்குச் சுலபம், அவ்வளவுதான்.

இந்தப் பூட்டைப் பற்றிப் பெரிதாகப் பேச்சு எழாததற்கு ஒரு காரணம், பதிவு கைவிட்டுப் போகும்போது பழியெல்லாம் டிஸ்க்கின்மீதே விழுவது. டிஸ்க்கும் சில வேளைகளில் குற்றவாளிதான். யூஎஸ்பி 2.0 துளை தரவேண்டிய மின்சாரம் 500 மில்லி அம்பியர், 3.0 என்றால் 900. சட்டைப்பையில் அடங்கும் இரண்டரை அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் கணத்தில் ஒரு அம்பியர்வரை இழுக்கக்கூடும். பெட்டியால் அதைக் கொடுக்க முடியாதபோது டிஸ்க் டிக், டிக் என்று தட்டிக்கொண்டு நிற்கும். திரையில் கருவி இணைக்கப்படவில்லை என்று வரும். டிஸ்க் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. தனி அடப்டரோடு வரும் மூன்றரை அங்குல டிஸ்க்கோ, தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி ஹப்போ இருந்தால் அந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும். இரண்டு டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க்கைப் பழைய பெட்டிகள் சில அடையாளம் காணாது. மின்வெட்டு இன்னொன்று. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்ற நாட்களையும், 2025 பெப்ரவரி 9-ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கால் நாடு முழுதும் இருண்ட ஞாயிற்றுக்கிழமையையும் மறந்திருக்க மாட்டோம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அந்தப் பதிவு குலையும். சில வேளை முழு டிஸ்க்கின் அட்டவணையே குலையும். ரவுட்டருக்கு வாங்கிய சின்ன யூபிஎஸ் போன்ற ஒன்று இங்கும் உதவும். இவை எல்லாவற்றுக்கும் கடையிலேயே பரிகாரம் கிடைக்கிறது. பூட்டுக்கு மட்டும் எந்தக் கடையிலும் பரிகாரம் கிடையாது.

யூடியூப் இருக்கும்போது யார் இப்போது டிவியைப் பதிகிறார்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. சினிமாவையும் சீரியலையும் இணையத்தில் பார்ப்பவர்களே இன்று அதிகம். இணையவழிப் பெட்டிகள் சிலவற்றில் கடந்த சில நாட்களின் நிகழ்ச்சிகளைப் பின்னோக்கிப் பார்க்கும் வசதியும் உண்டு. ஆனால் இவை அனைத்தும் வேறொருவர் அனுமதிக்கும்வரைதான். பின்னோக்கிப் பார்க்கும் வசதி சில நாட்களோடு முடிந்துவிடும். யூடியூபில் ஓர் அலைவரிசை போட்ட வீடியோவை அது நாளைக்கே எடுத்துவிடலாம். உரிமை விற்றுப்போனதாலோ, அரசியல் மாறியதாலோ, கணக்கு முடங்கியதாலோ எடுத்துவிடலாம். தேர்தல் இரவு ஒரு வேட்பாளர் நேரடி ஒளிபரப்பில் சொன்னதை ஐந்து வருடம் கழித்து எடுத்துக்காட்ட வேண்டியவருக்கு அந்த இணைப்பு உயிரோடு இருக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை. சாதாரண வீடுகளின் தேவை இதைவிட எளிமையானது. நல்லூர்த் திருவிழா 25 நாள். கொழும்பில் இருந்து போக முடியாத வயதானவர்கள் வீட்டிலிருந்து பார்ப்பது டிவியில்தான். நாளுக்கு மூன்று மணி நேரம் ஹெச்டியில் பதிந்தாலும் மொத்தம் 75 மணி நேரம், 270 கிகாபைட். ஒரு டெராபைட் டிஸ்க்கில் கால்வாசியைக் கொஞ்சம் தாண்டும். அந்தத் தேரையும் தீர்த்தத்தையும் கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கும் மகளுக்கு ஒரு பென் டிரைவில் கொடுத்தனுப்ப நினைக்கும் தாய்க்குப் பூட்டுப் போட்ட பதிவால் ஒரு பயனும் இல்லை.

நம் சமூகத்துக்கு இது வெறும் வசதிப் பிரச்சினையாக இருந்ததில்லை. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. 1983 ஜூலையில் இதே வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்தபோது போனவற்றுக்குப் பட்டியலே கிடையாது; அல்பங்கள், கடிதங்கள், கசெட்டுகள் எல்லாம் கூரையோடு போயின. எஞ்சியவை எப்படி எஞ்சின என்று பார்த்தால், பல இடங்களில் நிறுவனங்களைவிடத் தனி ஆட்கள்தான் அவற்றைக் காத்திருக்கிறார்கள். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் அறிவித்த நிகழ்ச்சிகளில் இன்று இணையத்தில் கேட்கக் கிடைப்பவை பலவும் நேயர்கள் ரேடியோவுக்குப் பக்கத்தில் கசெட் ரெக்கோடரை வைத்துப் பிடித்தவை. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவில் காத்துவருகிறது. அதன் அடித்தளத்திலும் தனியாரின் புத்தக அலுமாரிகள் இருக்கின்றன. யாரோ ஒருவர் ஒரு சஞ்சிகையை எறியாமல் வைத்திருந்ததால்தான் அதை ஸ்கேன் செய்ய முடிந்தது. அந்தச் சஞ்சிகையைத் திறப்பதற்கு வெளியீட்டாளரிடமிருந்து குறியீடு வாங்க வேண்டும் என்று இருந்திருந்தால், மூடிப்போன அச்சகங்களின் ஒரு பக்கம்கூட இன்று நமக்குக் கிடைத்திருக்காது.

பிற நாடுகளின் அனுபவமும் இதையே காட்டுகிறது. பிபிசி 1960களிலும் 70களிலும் தன் ஒளிப்பேழைகளை அழித்து மீண்டும் பயன்படுத்தியது. ‘டொக்டர் ஹூ’ தொடரின் பல அத்தியாயங்கள் அப்படித்தான் தொலைந்தன. ஆனால் படம் தொலைந்த அத்தியாயங்களின் ஒலி முழுவதும் பிழைத்துக்கொண்டது. வீட்டில் டிவிக்கு முன் டேப் ரெக்கோடரை வைத்துப் பிடித்த ரசிகர்கள்தான் அதற்குக் காரணம். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மேரியன் ஸ்டோக்ஸ் என்ற முன்னாள் நூலகர் 1979-இலிருந்து 2012-இல் இறக்கும்வரை தன் வீட்டில் செய்தி அலைவரிசைகளை இரவுபகலாகப் பதிந்தார். சுமார் 70,000 வீடியோ கசெட்டுகள் சேர்ந்தன. அவர் இறந்தபின் இன்டர்நெட் ஆர்க்கைவ் அவற்றை ஏற்றுக்கொண்டது. அந்தக் கசெட்டுகளை இன்றும் அவற்றின் வகைக்குரிய எந்த டெக்கிலும் போட்டுப் பார்க்கலாம். ஸ்டோக்ஸ் இருபது ஆண்டு பிந்திப் பிறந்து, இதே வேலையை இன்றைய கட்டணப் பெட்டி ஒன்றில் செய்திருந்தால், அவர் விட்டுச்சென்றது யாராலும் வாசிக்க முடியாத டிஸ்க்குகளின் குவியலாக இருந்திருக்கும். காப்பது நிறுவனங்களின் கடமை, வீட்டார் ஏன் சுமக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நிறுவனங்களின் கடமைதான். பிரான்ஸ் 1992-இல் சட்டம் இயற்றி, வானொலி தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தேசிய நிறுவனமொன்றில் சேமிக்க ஏற்பாடு செய்தது. அப்படி ஒரு சட்டம் இங்கும் வர வேண்டும். ஆனால் எது காக்கத்தக்கது என்று ஒரு நிறுவனம் முடிவெடுக்கும்போது, மலையகத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் நாடகம் வந்த அரை மணி நேர நிகழ்ச்சி அதன் கண்ணில் படாமல் போகலாம். அதில் நடித்த பிள்ளையின் வீட்டாருடைய கண்ணில் அது நிச்சயம் படும்.

ஹாட் டிஸ்க்கே சில வருடங்களில் பழுதாகிற பொருள்தானே, அதில் பதிந்ததை ஆவணம் என்று சொல்லலாமா என்பது இன்னொரு கேள்வி. கடற்காற்று வீசும் வெள்ளவத்தையில் விஹெச்எஸ் கசெட்டில் பூஞ்சணம் பிடித்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது நன்றாகவே விளங்கும். டிஸ்க் பழுதாகும் என்பது உண்மை. இந்த உண்மைதான் என் வாதத்துக்கு மிகப் பெரிய பலம். மின்வடிவில் உள்ள எதையும் காக்க ஒரேயொரு வழிதான் உண்டு: பழையது கெடுமுன் புதியதில் பிரதி எடுப்பது, ஒன்றை இரண்டு இடத்தில் வைப்பது. பூட்டிய பதிவையும் வேறொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுக்க முடியலாம். ஆனால் அந்தப் பிரதி எத்தனை இருந்தாலும் எல்லாமே ஒரே பெட்டியின் ஆயுளோடு கட்டுண்டவை. மலிவான பிளாஸ்டிக் உறைக்குள், டிவிக்குக் கீழே சூட்டில் கிடக்கிற ஒரு கருவியின் ஆயுள்தான் அந்தக் குடும்பத்தின் பதிவுகளுக்கும் ஆயுள் என்று ஆகிவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பதிப்புரிமையைக் காக்கும் அதே கையால் வாசகருக்கும் பார்வையாளருக்கும் சில இடங்களைத் திறந்துவிடுகிறது. அதன் 11-ஆம் பிரிவு நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. 12-ஆம் பிரிவு, வெளியான ஒரு படைப்பைத் தனி ஆள் ஒருவர் தன் சொந்த நோக்கத்துக்காக ஒரு பிரதி எடுப்பதை உரிமையாளரின் அனுமதியின்றியே ஏற்கிறது. அதற்கு மூலமாக இருப்பது சட்டபூர்வமான பிரதியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு; காசு கட்டிப் பெற்ற ஒளிபரப்பு அந்த வரையறைக்குள் வருமா என்று சட்டத்தரணிகள் வாதிடலாம். என் வாசிப்பில், மாதம் தவறாமல் கட்டணம் செலுத்தும் வீட்டுக்கு வருகிற ஒளிபரப்பைச் சட்டபூர்வமற்றது என்று சொல்ல இடமில்லை. இங்கிலாந்தின் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் இதை ஐயத்துக்கு இடமின்றியே சொல்லிவிட்டது. வசதியான வேறொரு நேரத்தில் பார்ப்பதற்காக வீட்டில் ஒளிபரப்பைப் பதிவது உரிமை மீறல் ஆகாது என்று அதன் 70-ஆம் பிரிவு கூறுகிறது. நம் சட்டத்திலேயே தொழில்நுட்பப் பூட்டுகளை உடைக்கும் கருவிகளுக்கு எதிரான ஏற்பாடும் இருக்கிறது. இதனால் விசித்திரமான ஒரு நிலை உண்டாகிறது. ஒரு பிரிவு பிரதி எடுக்கலாம் என்கிறது. இன்னொரு பிரிவு அந்தப் பிரதியைத் திறக்கும் கருவியைத் தடுக்கிறது. பாராளுமன்றம் கொடுத்த உரிமையைப் பெட்டி செய்யும் தொழிற்சாலை திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது.

பதிப்புரிமைக்காரர்களின் பயத்தைத் தள்ளிவிட முடியாது. பூட்டைத் திறந்துவிட்டால் எல்லாரும் படத்தைப் பிரதி எடுத்து விற்றுவிடுவார்கள் என்பது அவர்கள் வாதம். கள்ள டிவிடி காலத்தை நேரில் கண்ட நகரம் கொழும்பு. ஆகவே இது கற்பனைப் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இதே பயத்தோடுதான் யூனிவேர்சலும் டிஸ்னியும் 1976-இல் சோனியின் பீட்டாமக்ஸ் வீடியோப் பதிவுக் கருவிக்கு எதிராக வழக்குப் போட்டன. 1984 ஜனவரி 17-ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சோனியின் பக்கம் தீர்ப்பளித்தது. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவது நியாயமான பயன்பாடு என்றது. சிறுவர் நிகழ்ச்சி நடத்திய பிரெட் ரொஜர்ஸ், தன் நிகழ்ச்சியைக் குடும்பங்கள் பதிந்துவைத்துத் தமக்கு வசதியான நேரத்தில் சேர்ந்து பார்ப்பதை வரவேற்று அந்த வழக்கில் சாட்சி சொல்லியிருந்தார். அதன் பிறகு ஹொலிவூட் அழியவில்லை. வீடியோ கசெட் வருமானம் தியேட்டர் வருமானத்தையே தாண்டியது. இன்றைய களவைப் பார்த்தாலும், பெரிய அளவில் களவு செய்பவருக்கு வெள்ளவத்தை வீட்டு ஹாட் டிஸ்க் தேவையில்லை. அவர் ஹெச்டிஎம்ஐ வழியாகவோ ஸ்ட்ரீமிங்கிலிருந்தோ நேரே பிடிக்கிறார். படம் வெளியான அன்றே அது இணையத்தில் கிடக்கிறது. பூட்டு அவரைத் தடுக்கவில்லை. ஒழுங்காகக் காசு கட்டி, ஒழுங்காகப் பதிந்த வீட்டுக்காரரை மட்டும்தான் அது தடுக்கிறது. ஐபிஎல் போலக் கோடிக்கணக்கில் உரிமை விற்கும் நிகழ்ச்சிகளுக்கு வேறு ஏற்பாடு வேண்டும் என்றால், பதிவுக்குள் அந்த வாடிக்கையாளரின் அடையாளத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் பதித்துவிடலாம். அப்போது வெளியே கசிந்தால் எங்கிருந்து கசிந்தது என்று தெரியும்.

கம்பனிகள் தம் பக்கத்துக்குச் சொல்ல வேறொன்றும் இருக்கிறது. பெட்டியைச் சலுகை விலையில் கொடுக்கிறோம், அந்தக் காசை மாதக் கட்டணத்தில்தான் எடுக்கிறோம், வாடிக்கையாளர் நாளைக்கே வேறு கம்பனிக்குப் போய்விட்டால் எங்கள் முதல் போய்விடும் என்பார்கள். வியாபாரத்தில் இது நேர்மையான கவலை. அதற்கு ஒப்பந்தக் காலமும் முற்பணமும் இருக்கின்றன. வாடிக்கையாளர் தன் நேரத்தையும் மின்சாரத்தையும் செலவழித்து, தான் வாங்கிய டிஸ்க்கில் சேர்த்ததைப் பிணையாகப் பிடித்துவைப்பது வேறு விஷயம். இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் இந்தப் பிணைப்பின் வேரையே தொட்டது. கம்பனி மாறினாலும் பெட்டி மாறத் தேவையில்லாதபடி செட் டொப் பொக்ஸ்கள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்று 2020 ஏப்ரல் 11-ஆம் திகதி அது பரிந்துரைத்தது. அதற்காக அது முன்வைத்த தொழில்நுட்பம், பாதுகாப்புப் பகுதியைப் பெட்டியிலிருந்து பிரித்து யூஎஸ்பி துளையில் செருகும் சிறு கருவியாக்குவது. பூட்டைப் பெட்டியிலிருந்து பிரித்தெடுக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி தேவையில்லை. டிஷ் இணைப்பை ஒரு கம்பனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியவர்களின் வீடுகளில் பழைய பெட்டிகள் அலுமாரிக்கு மேலே தூசி படிந்து கிடப்பதை அங்கும் இங்கும் எவரும் காணலாம்.

இனி வரப்போவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். இலங்கையில் முதல் தொலைக்காட்சியான ஐடிஎன் 1979 ஏப்ரலில் வந்தது. ஜப்பான் கொடுத்த கட்டடத்தோடும் கருவிகளோடும் ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் வந்தது. அன்டெனா ஒளிபரப்பை டிஜிட்டலுக்கு மாற்ற 2014-இல் ஜப்பானின் ஐஎஸ்டிபி தரத்தையே இலங்கை தெரிந்தெடுத்தது. ஜப்பானியக் கடனும் ஒப்பந்தமாயிற்று. 2022-இல் நாடு கடன் கட்ட முடியாமல் போனதும் ஜப்பானியக் கடன் திட்டங்கள் நின்றன. 2024-இல் அவற்றுக்குத் திரும்ப வழி பிறந்தது. மாற்றம் நடக்கும்போது, பழைய டிவி உள்ள ஒவ்வொரு வீடும் ஒரு டிஜிட்டல் பெட்டி வாங்க வேண்டிவரும். டிஷ் போட முடியாத வீடுகளுக்கும், பண்டாரவளைத் தோட்ட வீட்டுக்கும், கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிக்கும் அதுவே டிவி. அந்தப் பெட்டியின் யூஎஸ்பி துளையில் என்ன நடக்கும் என்பதை எழுதும் ஆவணம் இனித்தான் முடிவாக வேண்டும்.

ஜப்பானைப் பார்த்து அப்படியே எடுத்தால் நமக்குக் கிடைப்பது நல்ல முன்மாதிரி அல்ல. அங்கே இலவச ஒளிபரப்பும் பிகாஸ் என்ற அட்டை முறையில் மறைகுறியாக்கப்பட்டே வருகிறது. தொடக்கத்தில் ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே ஒரு பதிவைத்தான் வைத்திருக்க முடிந்தது. வேறிடத்துக்கு மாற்றினால் மூலம் அழிந்தது. மக்கள் முறைப்பட்டதன்பின் 2008 ஜூலையில் ஒன்பது பிரதியும் ஒரு நகர்வும் என்று தளர்த்தினார்கள். ஆனாலும் யூஎஸ்பி டிஸ்க்கில் பதிந்தது அந்த ஒரு டிவியோடு கட்டப்பட்டதாகவே தொடர்ந்தது. டிவி உடைந்தால் பொது ஒளிபரப்பான என்ஹெச்கேயின் பதிவும் போயிற்று. பின்னால் கம்பனிகள் கூடி, பதிவை வேறு கருவிக்குக் கொண்டுபோக சீக்யூவோல்ட் என்ற முறையை உருவாக்க வேண்டிவந்தது. இதே ஐஎஸ்டிபி தரத்தை 2006-இல் எடுத்த பிரேசில் பிகாஸ் பூட்டை எடுக்கவில்லை. அங்கே அன்டெனாவில் வரும் ஒளிபரப்பு திறந்ததாகவே வருகிறது. பூட்டு ஜப்பானியத் தரத்தோடு ஒட்டிப்பிறந்த உறுப்பு அல்ல, ஒரு நாடு தீர்மானித்துச் சேர்க்கிற ஒன்று என்பதை பிரேசில் காட்டிவிட்டது. அமெரிக்காவில் டிஜிட்டல் ஒளிபரப்பில் பிரதிக்குத் தடை போடும் ஒரு குறியை எல்லாக் கருவிகளும் மதிக்க வேண்டும் என்று அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணைக்குழு 2003-இல் விதி செய்தது. அதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் முதலாவது பெயர் அமெரிக்க நூலகச் சங்கத்துடையது. ஒளிபரப்பு வீட்டுக்கு வந்து சேர்ந்தபின் அந்தக் கருவிக்குள் என்ன நடக்க வேண்டும் என்று விதிக்க ஆணைக்குழுவுக்கு அதிகாரம் இல்லை என்று 2005 மே மாதத்தில் தீர்ப்பு வந்து, விதி இரத்தாயிற்று. நூலகர்கள் முன்னின்று நடத்திய வழக்கு அது என்பதை நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகம் கவனிக்க வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டியவற்றைத் தெளிவாகக் கேட்கலாம். அன்டெனாவில் இலவசமாக வரும் இலங்கை அலைவரிசைகளை, எந்தப் பெட்டி வழியாக வந்தாலும், பூட்டின்றிப் பதிய முடிய வேண்டும். டிஜிட்டல் பெட்டியின் தொழில்நுட்ப விவரக்குறிப்பில் வெகுசன ஊடக அமைச்சும், இறக்குமதியாகும் கருவிகளுக்கு அனுமதி வழங்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இதை ஒரு பந்தியாக எழுதினால் போதும். புதுச் சட்டம் வேண்டியதில்லை. கட்டண அலைவரிசைகளில் பூட்டு இருந்தே தீருமென்றால், திறக்கும் குறியீடு பெட்டியின் சிப்பில் இல்லாமல் வாடிக்கையாளரின் கணக்கோடு இணைந்திருக்க வேண்டும். பெட்டி எரிந்து புதுப் பெட்டி வந்தால் பழைய டிஸ்க் அதில் ஓட வேண்டும். இணைப்பு நடந்த காலத்தில் பதிந்ததை, இணைப்பை நிறுத்திய பிறகும் பார்க்க முடிய வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, பெட்டி விற்கும்போதே அதன் உறையில் மூன்று மொழியிலும் இரண்டு விடயம் அச்சாகியிருக்க வேண்டும்: டிஸ்க்கை ஃபோர்மட் செய்தால் உள்ளதெல்லாம் அழியும் என்பது ஒன்று, இதில் பதிந்ததை வேறெதிலும் பார்க்க முடியுமா முடியாதா என்பது இன்னொன்று. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டம் லேபல் பற்றிப் பணிப்புரை விடுக்க அதிகாரம் தந்திருக்கிறது. பால்மாப் பக்கெட்டில் விலையும் திகதியும் அச்சாக வேண்டும் என்று கேட்கிற நாம் இதையும் கேட்கலாம்.

அதுவரை வீடுகளில் செய்யக்கூடியது சிலவே. பதிவுக்கென்று தனி டிஸ்க் ஒன்றை வைத்து, அதில் வேறெதையும் போடாமல் இருப்பது நல்லது. அன்டெனா வழியாக வரும் அலைவரிசையைக் கட்டணப் பெட்டி வழியாகப் பதியாமல், டிவியிலேயே நேராகப் பதிய முடிகிறதா, முடிந்தால் அந்தப் பதிவு வேறு கருவியில் ஓடுகிறதா என்று முதலில் ஐந்து நிமிடம் பதிந்து சோதித்துவிட்டே முக்கியமானதைப் பதிய வேண்டும். இணைப்பு எடுக்கும் முன் கம்பனியின் கவுண்டரில் நிற்கும்போது, பெட்டி பழுதானால் என் பதிவுகள் என்னவாகும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கேள்வியை நூறு பேர் கேட்டால் கவுண்டரில் இருக்கும் பிள்ளைக்குப் பதில் தெரியாவிட்டாலும், அது மேலே போகும். பழைய விஹெச்எஸ் கசெட்டுகள் வீட்டில் இருந்தால், பூஞ்சணம் முழுவதையும் தின்றுவிடுமுன் அவற்றை டிஜிட்டலுக்கு மாற்றும் வேலையை அடுத்த மழைக்கு முன்பே தொடங்குங்கள். அவற்றுக்குப் பூட்டு இல்லை.